புத்தம் புதிய பழசு

கிடார் வாங்கியதும் அதைப் பிரித்துப் போடுவதுதான் எங்கள் மெல்லிசைக் குழுவின் வழக்கம். வாசிப்பதெல்லாம் அப்புறம். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் எலெக்ட்ரிக் கிடார் இரண்டு வகை. ஒன்று, கப்பலில் வேலை பார்க்கும் யாருக்கோ மச்சானாக இருப்பவர் வழியாக வந்து சேரும் வெளிநாட்டுச் சரக்கு. சொந்தக்காரர் பெட்டியைத் திறந்து காட்டுவார்; நாம் கை நீட்டுவதற்குள் மூடிவிடுவார். மற்றது, கல்கத்தாவில் செய்து ரயிலேறி வரும் உள்நாட்டு நகல். அதை ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற அமெரிக்கக் கிடாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் போட்டோவைப் பார்த்த ஒருவர் போனில் சொல்லச் சொல்லச் செய்திருக்க வேண்டும். கொம்பு இரண்டு, பிக்கப் மூன்று, நாப் மூன்று என்று கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது.

நெக் மட்டும் அகப்பைக் காம்பு மாதிரி வளைந்திருக்கும். மேலே போகப் போகக் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுண்டுவிரலை விடலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தாண்டி வாசிப்பது உடற்பயிற்சியில் சேரும். எனவே பிரிப்போம். நெக்குக்கு அடியில் சிகரெட் அட்டையை மடித்துச் செருகுவோம். ஃப்ரெட்டுகளை நகைப் பட்டறை அரத்தால் தேய்ப்போம். இவ்வளவும் செய்து முடித்த பிறகு கடைசி வேலையாகப் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோய் பெயின்ட் அடிப்போம்.

பெயின்ட் முக்கியம். கிடாரில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்த காலம் அது. சென்னைக் கடற்காற்றுக்கும் மேடை வியர்வைக்கும் ஸ்க்ரூவெல்லாம் ஆறே மாதத்தில் துருவேறிவிடும். முழங்கை படுகிற இடத்தில் பெயின்ட் உதிர்ந்து மரம் பல்லிளிக்கும். மேடையில் அது தெரியக் கூடாது என்று அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் உண்டு. நான் புதுப்பேட்டையில் ஸ்கூட்டருக்கு பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். என் கிடாருக்கு வாய்த்த பச்சை, யாரோ ஒரு வக்கீலின் ஸ்கூட்டருக்குக் கலக்கியதில் மிச்சம். ட்யூகோ என்று எல்லோரும் சொன்ன நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட். நாலு கோட் அடித்து, நடுநடுவே உப்புத்தாள் போட்டு, வண்டியோடு வண்டியாக வெயிலில் காயவைத்துக் கொடுத்தார்.

வக்கீல் ஸ்கூட்டரின் பச்சை என்று குழுவில் வெகுநாள் கிண்டல் செய்தார்கள். பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி செய்ததும் இதேதான் என்று. சன்பர்ஸ்ட் நிறம் வேண்டாம், வேறு நிறம் வேண்டும் என்பவர்களிடம் ஐந்து சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொண்டு டூபான்ட் கம்பெனியின் கார் பெயின்ட்டை அடித்துக் கொடுத்தார்கள். இன்று கிடார்க்காரர்கள் பக்தியோடு உச்சரிக்கும் ஃபியஸ்டா ரெட், ஃபோர்டு கம்பெனியின் தண்டர்பேர்டு காருக்கு அடித்தது. லேக் ப்ளாசிட் ப்ளூ, கேடிலாக்கின் நிறம். அவர்களுக்குக் கேடிலாக், எனக்கு வக்கீலின் ஸ்கூட்டர். வசதிக்கேற்ற வித்தியாசம்தானே தவிர, தொழில் ஒன்றுதான்.

பெயின்ட் வேலைக்குப் புதுப்பேட்டை என்றால், உள்வேலைக்கு திருவல்லிக்கேணியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். பாட்டு கேட்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. ரேடியோ பாட ஆரம்பித்தால் வேலை முடிந்தது என்று அணைத்துவிடுவார். என் கிடாரின் நடுப் பிக்கப் செத்துப்போனபோது ரிச்சி தெருவிலிருந்து தலைமுடி கனத்தில் தாமிரக் கம்பி வாங்கிவந்து, கையாலேயே சுற்றிக் கொடுத்தார்.

"எத்தனை சுத்து பாய்?" என்று கேட்டேன்.

"பழசுல இருந்த அளவுக்குத் தடிமன் வர்ற வரைக்கும் சுத்தினேன் தம்பி. எண்ணிக்கிட்டு உட்கார்ந்தா நான் எப்ப நோன்பு திறக்கிறது?"

அந்தப் பிக்கப்பில் சத்தம் நன்றாகத்தான் வந்தது. கூடவே ஒரு உறுமலும் வந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் பிறவிக் குணம் அது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற சுருள், அறையில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் சேர்த்தே பிடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய ஸ்வரத்தில் 49 ஹெர்ட்ஸ் என்பது ஜி. ஆக, மின்வாரியமே கொஞ்சம் தூக்கலான ஜி-யில் எங்களுக்குச் சுருதி போட்டுக்கொண்டிருந்தது. ஜி-யில் அமைந்த பாட்டுகளில் எங்கள் குழு மற்றவற்றைவிட நன்றாக இருக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அது பி ஃப்ளாட்டிலும் சேராமல் பி-யிலும் சேராமல் நடுவில் தொங்கும். அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

பாயைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டரும் ரேடியோ ரிப்பேர்க்காரர்தான். 1938இல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற சின்ன ஊரில் கடை போட்டவர். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டவர். கிடார் வாசிக்கத் தெரியாது. அது தெரியாததால்தான் வாசிக்கிறவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார் என்பது என் கட்சி. முதலில் செய்த டெலிகாஸ்டரின் பலகை விளிம்பு விலாவில் குத்துகிறது என்று ரெக்ஸ் கேலியன் என்ற வாசிப்பாளர் குறைப்பட்டார். பில் கார்சன் என்ற கன்ட்ரி இசைக் கிடார்க்காரர் தன் பங்குக்கு இன்னொரு பட்டியல் வைத்திருந்தார். 1953இல் வந்து சேர்ந்த ஃப்ரெடி டவாரெஸ், தானே கிடார் வாசிப்பவர், தாளில் வரைந்தார். வயிறு படும் இடத்தில் குடைந்து, முழங்கை படும் இடத்தில் சரித்து, 1954இல் வெளியே வந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர்.

அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். அது முழுக்க முழுக்க ரிப்பேர்க்காரனின் புத்தி. நெக் ஒட்டவில்லை, நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது. கெட்டுப்போனால் கழற்றி வேறு போடலாம். மூன்று பிக்கப்பும் அவற்றின் ஒயர்களும் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகின்றன; தகட்டைத் தூக்கினால் மொத்தக் குடலும் வெளியே வந்துவிடும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிச் சேணம், தனித்தனி ஸ்க்ரூ. செய்தவரே 'இது முடிந்த சாமான் இல்லை, வேண்டுமானால் மாற்றிக்கொள்' என்று எழுதிக் கொடுத்த மாதிரிதான். அவரும் சும்மா இருக்கவில்லை. முதலில் வந்த தகட்டுக்கு எட்டு ஸ்க்ரூ. ஒற்றை அடுக்கு பிளாஸ்டிக் நெளிந்துகொண்டதால் 1959இல் மூன்றடுக்காக்கிப் பதினொரு ஸ்க்ரூ போட்டார். பிரிட்ஜின் மேல் அழகாக ஒரு குரோம் மூடி கொடுத்தார். வாசிப்பவர்கள் முதல் வேலையாக அதைப் பிடுங்கிச் சாம்பல் தட்டப் பயன்படுத்தினார்கள். 'ஆஷ்ட்ரே' என்பதே அதற்குப் பெயராகிவிட்டது.

ஸ்விட்ச் கதை இதைவிட விசேஷம். லியோ மூன்று பிக்கப்புக்கு மூன்று நிலை ஸ்விட்ச் வைத்தார்: ஒரு நேரத்தில் ஒன்று. யாரோ ஒருவர் அதை இரண்டு நிலைக்கு நடுவில் பாதியில் நிறுத்தினார். இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலித்தன. மூக்கால் பேசுகிற மாதிரி, தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஸ்விட்ச்சை நடுவில் நிறுத்துவதே ஒரு வித்தையானது. கம்பெனி மனம் இரங்கி ஐந்து நிலை ஸ்விட்ச்சைப் பொருத்தியது 1977இல். இருபத்து மூன்று வருடம் உலகமே அந்த ஸ்விட்ச்சைத் தப்பாகப் போட்டுத்தான் சரியான சத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தது. என் கல்கத்தா நகலில் இந்தக் கஷ்டமே இல்லை. அதன் ஸ்விட்ச் எங்கே வைத்தாலும் நடுவில்தான் போய் நிற்கும்.

1965 ஜனவரியில் லியோ கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். அதற்குப் பின் நடந்த மாற்றங்களைக் கிடார்க்காரர்கள் சங்க இலக்கியத்து வேந்தர் வீழ்ச்சி போலச் சொல்லி அழுவார்கள். தலைப்பகுதி பெரிதானது. பளபளவென்று கெட்டியாக, வெடிக்காத பாலியெஸ்டர் பூச்சு வந்தது. 1971இல் நாலு ஸ்க்ரூ மூன்றானது. பதிலுக்கு நெக்கின் சாய்வைப் பிரிக்காமலே திருத்த ஒரு திருகாணி வந்தது. எங்கள் சிகரெட் அட்டைக்கு நிரந்தர ஓய்வு கொடுக்கிற ஏற்பாடு அது. எங்களுக்குக் கிடைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். அமெரிக்காவில் திட்டினார்கள். மூன்று ஸ்க்ரூ நெக் ஆடுகிறது என்பது வழக்கு. தொழிற்சாலையில் நெக் உட்காரும் குழியைச் சரியாகக் குடையாததன் பழி, ஸ்க்ரூவின் எண்ணிக்கை மேல் விழுந்தது. இதே மூன்று ஸ்க்ரூ ஏற்பாட்டை லியோ தன் அடுத்தடுத்த கம்பெனிகளிலும் விடாமல் பயன்படுத்தினார் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொரு திருத்தம் மூன்றாவது கம்பியைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிக்கப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தத் துண்டு உண்டு. 1954இல் கிடாரின் மூன்றாவது கம்பி, மேலே இன்னொரு கம்பி சுற்றிய கம்பி. அதன் உள்நரம்பு மெலிது என்பதால் சத்தம் கம்மியாக வரும். அதை ஈடுகட்ட லியோ அதன் கீழிருந்த காந்தத்தை உயர்த்தி வைத்தார். அறுபதுகளில் பிள்ளைகள் கம்பியை வளைத்து வாசிக்க ஆசைப்பட்டு மூன்றாவதற்கும் சுற்றில்லாத வெறும் கம்பி போட்டார்கள். வெறும் கம்பி இயல்பிலேயே சத்தமானது. கீழே காந்தமும் தலைதூக்கி நின்றது. விளைவு, ஆறு பேர் உள்ள வீட்டில் மூன்றாமவர் மட்டும் கத்தினார். எழுபதுகளின் நடுவில் சி.பி.எஸ். காலத்துத் தொழிற்சாலை காந்தங்களையெல்லாம் ஒரே மட்டமாக்கியது. காரணத்தோடு செய்த ஒழுங்கான திருத்தம்.

பிறகு பழைய மாதிரிகளுக்கு மவுசு வந்ததும் ஏற்ற இறக்கக் காந்தங்களும் திரும்பி வந்தன. சுற்றிய மூன்றாவது கம்பி மட்டும் வரவில்லை. வழக்கொழிந்த ஒரு கம்பிக்காகத் தூக்கிய தலை, அந்தக் கம்பி இல்லாமலே இன்றும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கூடுதல் விலை.

இதையெல்லாம் எனக்கு நினைவுபடுத்தியவன் என் அக்கா மகன். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன தீபாவளிக்கு அமெரிக்காவிலிருந்து வரவழைத்த கிடாரை எடுத்துக்கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. பெயின்ட் திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்தது. ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. முழங்கை படும் இடத்தில் மரம் வெளுத்திருந்தது.

"என்னடா, செகண்ட் ஹேண்டா? ஏமாத்திட்டானா?"

"பிராண்ட் நியூ மாமா."

"பெயின்ட் கொட்டியிருக்கே!"

"அதுக்குத்தான் மாமா காசே. கம்மியா கொட்டினது வேற ரேட். இது ஹெவி."

1995இலிருந்து இது ஒரு தொழில். புதுக் கிடாரைச் செய்து, பிறகு அதைத் தேய்த்து, கீறி, உலோகத்தைத் துருவேற்றி, 'ரெலிக்' என்று விற்கிறார்கள். அதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள். இப்படிப் பழசை நகலெடுப்பதில் உச்சம் ஒன்று உண்டு. ராக் கிடார்க்காரர் எடி வான் ஹேலன் எழுபதுகளில் மட்டமான பலகையையும் நெக்கையும் சில்லறைக் காசுக்கு வாங்கி, கிப்சன் கிடாரின் இரட்டைச் சுருள் பிக்கப்பை அதில் செருகி, நாப் ஒன்றே ஒன்று வைத்து, டேப் ஒட்டி பெயின்ட் அடித்து ஒரு கிடார் செய்துகொண்டார். எங்கள் குழுவில் இருந்திருக்க வேண்டிய ஆள். பிரிட்ஜுக்கு முட்டுக் கொடுக்க 1971ஆம் வருடத்துக் கால் டாலர் நாணயத்தை அடியில் திருகியிருந்தார். 2007இல் அந்தக் கிடாரின் நகல் 300 செய்து ஆளுக்கு 25,000 டாலருக்கு விற்றார்கள், நாணயம் உட்பட. அவர் கையில் அகப்பட்டது வேறு வருடத்துக் காசாக இருந்திருந்தால் அந்த வருடத்துக் காசாக 300 தேடியிருப்பார்கள்.

அக்கா மகன், 1957 ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போலச் செய்த தன் கிடாரின் பெருமைகளை விளக்கினான். தகட்டில் எட்டு ஸ்க்ரூதான். நெளியாதா என்று கேட்டேன். நெளியும், ஆனால் 1957இல் எட்டுதான் என்றான். பூச்சு நைட்ரோ செல்லுலோஸ். பாலியெஸ்டர் மரத்தின் மூச்சை அடைத்துவிடுமாம். புதுப்பேட்டைக்காரரை நினைத்துக்கொண்டேன். பிக்கப் இயந்திரம் சுற்றியதல்ல, கையால் வழிநடத்திச் சுற்றியது. சுற்றுகள் ஒழுங்கில்லாமல் இருப்பதால் தனி ருசி. ஐம்பதுகளில் ஃபெண்டர் தொழிற்சாலையில் சேர்ந்த அபிகைல் யபாரா என்ற பெண்மணி சுற்றிய பிக்கப்புகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றான். நியாயம்தான், அந்த அம்மாளின் கை அப்படி. பாயின் கையும் ஒழுங்கில்லாமல்தான் சுற்றியது. அதற்கு அவர் வாங்கியது முப்பது ரூபாய், அதிலும் தாமிரக் கம்பி என் செலவு.

பெட்டியின் மூலையில் அந்தக் குரோம் மூடியும் இருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவேயில்லை. "போடலையா?" என்றேன். "யாரும் போட மாட்டாங்க மாமா. ஆனா பெட்டியில இருக்கணும்." வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை என்பதால் அதற்கு வேறு உபயோகமும் இல்லை.

பிறகு லேப்டாப்பில் செருகி வாசித்துக் காட்டினான். நன்றாகவே வாசிக்கிறான். மூன்றாவது கம்பி கத்தியது. அதை அடக்க ஸ்க்ரீனில் ஒரு கோட்டை இழுத்தான். உறுமலை அடக்க ஒரு பெட்டி வைத்திருந்தான். இன்னொரு நாப்பைக் காட்டி, இதைத் திருப்பினால் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போதாமல் திணறுகிற மாதிரி சத்தம் வரும் என்றான். வான் ஹேலன் தன் ஆம்ப்ளிஃபயரின் வோல்டேஜை வேண்டுமென்றே குறைத்து வாசித்தது எனக்கும் தெரியும். கிராமத்து மாரியம்மன் திருவிழாவில் எங்களுக்கு அதைக் குறைத்துக் கொடுத்தது ஊர் மொத்தமும். சாயங்காலம் எல்லோரும் விளக்குப் போட்டதும் பந்தலில் டியூப்லைட் சிமிட்டும், ஆம்ப்ளிஃபயர் மூச்சு வாங்கும், நான் வாசிக்கிற ஒவ்வொரு ஸ்வரமும் அமுங்கி எழும். கமிட்டித் தலைவர் வந்து "கிடார் தம்பி, கொஞ்சம் தெளிவா வாசிங்க" என்பார்.

"இவ்வளவு மெனக்கெட்டுப் பழசாக்கி வச்சிருக்கியே, இதைச் செஞ்ச லியோ ஃபெண்டர் கடைசியில என்ன பண்ணாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியவில்லை. சொன்னேன். கம்பெனியை விற்றதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. முதலில் மியூசிக் மேன். பிறகு, பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு 1980 வாக்கில் ஜி அண்ட் எல். அந்தத் தொழிற்சாலை இருந்த தெருவுக்கு நகராட்சி வைத்திருந்த பெயர் ஃபெண்டர் அவென்யூ. உள்ளே இருந்தவர் தான் செய்த கிடாரில் அந்தப் பெயரைப் போட முடியாது. அதுவும் சேர்த்தே விற்றாகிவிட்டது. அங்கே உட்கார்ந்து ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒவ்வொரு குறையையும் எடுத்து மாற்றினார். ஒவ்வொரு கம்பிக்கும் காந்தத்தின் உயரத்தைத் தனித்தனியாகத் திருகித் திருத்தும்படி புதுப் பிக்கப். மூன்றாவது கம்பி கத்தினால் ஒரு திருகு, அவ்வளவுதான். இரண்டே முனையில் தாங்கி ஆடும் புது பிரிட்ஜ். தன் பழைய கிடார்களைவிட இவை மேலானவை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 1991இல் இறக்கும்வரை வேலை செய்தார். அடுத்த வருடமே அதே கம்பெனி அவர் நினைவாக லெகசி என்று ஒரு கிடாரைக் கொண்டுவந்தது. அதில் போட்டது அவருடைய புதுப் பிக்கப் அல்ல, அவர் விட்டுவந்த ஐம்பதுகளின் பழைய மாதிரிப் பிக்கப்.

அக்கா மகன் ஃபோனை எடுத்துத் தேடினான். லியோ உயிரோடு இருந்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் செய்த எஸ்-500 மாடல் ஒன்று அமெரிக்காவில் யாரோ விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். விலையைப் பார்த்தான், தன் கிடாரைப் பார்த்தான், மறுபடி விலையைப் பார்த்தான்.

"பாதி விலைகூட இல்லையே மாமா," என்றான். "ஏதோ கோளாறு இருக்கும்போல."